மின்னழுத்தத்தை உயர்த்தும் ஆளியின் வரலாறு

2014ஆம் ஆண்டு பெப்ரவரி மாதத்தில் ஜப்பான் நாட்டு டொயோட்டா நிறுவனம், தான் உலகெங்கும் விற்ற பிரியஸ் மோட்டார் வண்டிகளுள் ஏறக்குறைய 19 இலட்சத்தைத் திருத்தத்துக்காகத் திரும்ப அழைத்தது. அவற்றுள் பாதியளவு ஜப்பானிலேயே ஓடியவை. பழுது தடுப்பானில் இல்லை, சில்லில் இல்லை, எரிபொருட் குழாயிலும் இல்லை. வண்டியின் மின்கலவடுக்கு தரும் 200 வோல்ற்று அளவான மின்னழுத்தத்தை 650 வோல்ற்று வரை உயர்த்தும் ஒரு கருவியிலே, நகத்தளவுள்ள சில திரான்சிற்றர்கள் அளவுக்கு மீறிச் சூடேறக்கூடும் என்பதே நிறுவனம் கூறிய காரணமாகும். சூடேறினால் அவை உருக்குலையலாம். எச்சரிக்கை விளக்குகள் எரியலாம். வண்டி தன் வலுவைக் குறைத்துக்கொண்டு ஊரலாம். அரிதாக, ஓடிக்கொண்டிருக்கும்போதே நின்றுவிடவுங்கூடும். அதே வகை வண்டிகள் பல இலங்கையின் வீதிகளிலும் ஓடுகின்றன.

மின்னழுத்தத்தை உயர்த்துதல் புதிய வித்தை அன்று. இருநூறு ஆண்டுகளுக்குச் சற்றுக் குறைந்த வரலாறு அதற்கு உண்டு. அவ்வரலாறு பெரும்பாலும் ஓர் உறுப்பின் வரலாறாகவே அமைந்துவிட்டது. அவ்வுறுப்பு ஆளி. மின்னோட்டத்தை விடுவதும் தடுப்பதுமாகிய எளிய தொழிலைச் செய்யும் அதனைத் தேர்ந்தெடுப்பதில் ஒவ்வொரு தலைமுறையும் ஒரு கணக்கைப் போட்டது. அக்கணக்கில் விடுபட்ட ஓர் எண்ணை அடுத்த தலைமுறை கண்டுபிடித்தது.

கருவியின் தத்துவத்தை விளங்கிக்கொள்ள மின்சாரத்தை ஒரு கணம் மறந்து நீரை நினைப்பது நன்று. 1796ஆம் ஆண்டில் பிரான்ஸ் தேசத்து ஜோசப் மொங்கோல்பியர் என்பார், ஆகாயக் கப்பலால் புகழ்பெற்ற அதே சகோதரருள் ஒருவர், வேறெந்த எந்திரத்தின் உதவியுமின்றி நீரை மேட்டுக்கு ஏற்றும் ஓர் அமைப்பை உண்டாக்கினார். சரிவான நீண்ட குழாயொன்றில் நீர் வேகமாக ஓடிவருகிறது. அதன் முடிவில் உள்ள வாயில் திடீரென அடைபடுகிறது. ஓடிவந்த நீர் உடனே நிற்கமாட்டாது. அதன் உந்துதல் அழுத்தமாக மாறிப் பக்கத்திலுள்ள இன்னொரு கதவைத் தள்ளித் திறந்துகொண்டு, புறப்பட்ட மட்டத்தைவிட உயர்ந்த தொட்டிக்கு ஏறுகிறது. ஏறிய நீர் திரும்பி வராதபடி அக்கதவு தானே சாத்திக்கொள்கிறது. மீண்டும் முதல் வாயில் திறக்கிறது, மீண்டும் அடைபடுகிறது. முழு நீரும் மேலே செல்வதில்லை. ஒரு பகுதியே செல்லும். ஆயினும் அப்பகுதி உயரத்தில் நிற்கிறது.

குழாய்க்குப் பதிலாகக் கம்பிச் சுருள், நீருக்குப் பதிலாக மின்னோட்டம், வாயிலுக்குப் பதிலாக ஆளி என்று மாற்றிக்கொண்டால் இன்றைய அழுத்த உயர்த்தி முழுவதும் கண்முன் வந்துவிடும். ஆளி கடத்தும்போது சுருளில் ஓட்டம் வளர்கிறது. ஆளி தடுக்கும்போது, நிற்க விரும்பாத அவ்வோட்டம் அழுத்தத்தை உயர்த்திக்கொண்டு இரண்டாம் வழியாகப் பாய்கிறது. அந்த இரண்டாம் வழியில், திரும்பி வராமற் காக்கும் கதவாக நிற்பது இருவாயி எனப்படும் ஒருவழிக் கடத்தி.

சுருளின் இந்த அடங்காத்தன்மையை 1832இல் அமெரிக்காவின் ஜோசப் ஹென்றி கண்டு எழுதினார். 1834இல் வில்லியம் ஜெங்கின் என்பவர், மின்காந்தச் சுருளொன்றின் தொடுப்பைக் கையால் பிரித்தபோது தமக்கு நேர்ந்த அதிர்ச்சியை மைக்கேல் பரடேயிடம் கூற, பரடே அதனை ஆராய்ந்து விளக்கினார். சிறிய மின்கலமொன்று தரமுடியாத அடியை, தொடுப்பைப் பிரிக்கும் அந்த ஒரு கணம் தந்தது. இரண்டு ஆண்டுகளின் பின், அயர்லாந்தின் மேநூத் கல்லூரியில் இயற்கை விஞ்ஞானம் போதித்த நிக்கொலஸ் கலன் என்னும் கத்தோலிக்க குருவானவர், தடித்த கம்பியும் மெல்லிய கம்பியும் சுற்றிய தூண்டற் சுருளை அமைத்தார். ஓட்டத்தை எத்துணை விரைவாகவும் அடிக்கடியும் முறிக்கின்றோமோ அத்துணை வலிதாக விளைவு அமையும் என்பதை அவர் கண்டார். ஆகவே முறிப்பதற்கென்றே தனிப் பொறியொன்றையும் செய்துகொண்டார்.

முறிக்கும் இடத்தில் தீப்பொறி தோன்றும். அத்தீப்பொறி ஒளியுமாகும், வீணாகும் சக்தியுமாகும், தொடுமுனையைத் தின்னும் அரமுமாகும். 1853இல் பிரான்ஸின் பீசோ, தொடுமுனைகளுக்குக் குறுக்கே ஓர் ஒடுக்கியை இணைத்தால் பொறி தணிந்து, ஓட்டம் இன்னும் விரைவாக முறியும் என்று காட்டினார். அறுபது ஆண்டுகளுக்குப் பின்னர் பெற்றோல் எந்திரங்களில் தீமூட்டும் தொகுதி வந்தபோதும் அதே சுருளும் அதே தொடுமுனையும் அதே ஒடுக்கியுமே அங்கும் இடம்பெற்றன. பழைய வண்டி வைத்திருந்தவர்கள் அத்தொடுமுனைகளை உப்புத்தாளால் தேய்த்த அனுபவத்தை எளிதில் மறந்திருக்கமாட்டார்கள்.

வானொலி நேயர்களுக்கு இவ்வரலாற்றில் நெருங்கிய பகுதி இனித்தான் வருகிறது. 1930களில் மோட்டார் வண்டிக்குள் வானொலி புகுந்தபோது ஒரு தடை எழுந்தது. வண்டியின் மின்கலவடுக்கு தருவது 6 வோல்ற்று. வானொலியின் வால்வுகள் கேட்பதோ 200 வோல்ற்றும் அதற்கு மேலும். இடைவெளியை நிரப்பியது, தகரப் பேணிக்குள் அடைத்த ஓர் அதிர்வுப் பொறி. உருக்கு நாக்கொன்று நொடிக்கு நூறு தடவைக்குச் சற்று அதிகமாக இருபுறமும் அடித்து ஓட்டத்தை மாற்றி மாற்றி விட, நிலைமாற்றி அதனை உயர்த்திக் கொடுத்தது. அக்காலத்து வண்டி வானொலிகளின் அடித்தளத்தில் ஓயாது கேட்ட இரைச்சல் அந்த நாக்கின் இரைச்சலே. உயர்த்திய ஆடலோட்டத்தைச் சீராக்கி நேரோட்டமாக்க ஒரு சாரார் வாயு நிரப்பிய வால்வொன்றை வைத்தனர். இன்னொரு சாரார் புத்திசாலித்தனமான வேறு வழியைக் கண்டனர். அதே நாக்கில் இன்னொரு சோடித் தொடுமுனைகளைப் பொருத்தி, உயர்ந்த பக்கத்தின் ஓட்டத்தையும் முதற்பக்கத்தின் தாளத்துக்கு ஒத்தே திருப்பிவிட்டனர். சீராக்கும் வால்வு தேவையற்றுப் போயிற்று. இதற்கு ஒத்தியங்கும் அதிர்வி என்று பெயர். தானே திறந்து மூடும் கதவுக்குப் பதிலாக, சரியான கணத்தில் கையால் திறந்து மூடும் கதவை வைத்தல் என்னும் கருத்து இதுவே. இன்றைய உயர்வலு உயர்த்திகளில் ‘ஒத்தியங்கும்’ என்ற அடைமொழி குறிப்பதும் இதனையே. பெயரும் கருத்தும் தகரப் பேணியின் காலத்திலேயே இருந்தவை.

அதிர்வியின் ஆயுள் குறுகியது. தொடுமுனைகள் குழிவிழும், சிலவேளை ஒட்டிக்கொள்ளும், ஒட்டிக்கொண்டால் உருகி எரியும். 1947 டிசம்பரில் பெல் ஆய்வுகூடத்தில் பாடீனும் பிராற்றெயினும் திரான்சிற்றரை இயக்கிக் காட்டியபோது, அதிர்வியின் முடிவு எழுதப்பட்டுவிட்டது என்று எவரும் கருதியிருக்கமாட்டார்கள். ஆனால் 1955ஆம் ஆண்டளவில் வெஸ்ரிங்ஹவுஸ் நிறுவனத்தின் ஜோர்ஜ் ரோயர், இரண்டு திரான்சிற்றர்களும் ஒரு நிலைமாற்றியும் தம்முள் மாறிமாறித் தாமே இயங்கி நேரோட்டத்தை ஆடலோட்டமாக்கும் சுற்றொன்றை வெளியிட்டார். அசையும் உறுப்பு எதுவுமில்லை, தேய்வதற்கு ஒன்றுமில்லை. அந்தப் பத்தாண்டு முடிவதற்குள் வண்டி வானொலியிலிருந்து அதிர்வி மறையத் தொடங்கிற்று.

தேய்மானம் போயிற்று, வெப்பம் வந்தது. அக்காலத்து வலுத் திரான்சிற்றர்கள் ஜேர்மேனியத்தால் ஆனவை. சூடேறச் சூடேற அவை தடுக்கவேண்டிய வேளையிலும் சிறிது கசியும். கசிவு மேலும் சூடேற்றும். சூடு மேலும் கசிவிக்கும். கொதிநீரின் வெப்பநிலையை அண்மிக்குமுன்பே அவை கைவிட்டுவிடும். சிலிக்கன் இதனைத் தாங்கிற்று. ஆயினும் சிலிக்கன் இருமுனைவுத் திரான்சிற்றருக்கும் தனிக் குறைகள் இருந்தன. அதனைக் கடத்தச் செய்ய அடிமுனைக்கு இடைவிடாது ஓட்டம் கொடுக்கவேண்டும். நிறுத்தும்போது உள்ளே தேங்கிய ஏற்றம் வெளியேறும் வரை, கட்டளை நின்ற பின்னும் அது கடத்திக்கொண்டே இருக்கும். அதனிலும் கொடியது, 1958இல் அறியப்பட்ட ‘இரண்டாம் முறிவு’. ஓட்டமும் அழுத்தமும் அனுமதிக்கப்பட்ட எல்லைக்குள் தனித்தனியே இருந்தாலும், இரண்டும் ஒருங்கே வரும்போது ஓட்டம் முழுவதும் ஒரு சிறு புள்ளியில் குவிந்து பளிங்கை உருக்கிவிடும். அட்டவணையின் முதற்பக்கத்தில் உள்ள எண்களை மட்டும் நம்பியவர்கள், எல்லாம் எல்லைக்குள் இருக்கையிலேயே தம் திரான்சிற்றர் ஏன் வெடித்தது என்று புரியாது திகைத்தனர்.

எண்பதுகளின் வாயிலில் தோன்றியது உலோக ஒட்சைட்டுப் புலவிளைவுத் திரான்சிற்றர். 1960இல் அற்றலாவும் காங்கும் பெல் ஆய்வுகூடத்தில் காட்டிய அச்சாதனம், எழுபதுகளின் இறுதியிலேயே பெருவலுவைத் தாங்கும் வடிவு பெற்றது. 1979இல் அமெரிக்காவின் இன்ரர்நாஷனல் ரெக்றிபயர் நிறுவனம் வெளியிட்ட வகையில், தேன்கூட்டின் அறைகள்போல அறுகோணச் சிற்றறைகள் ஆயிரக்கணக்கில் ஒரே சில்லில் அருகருகே வேலை செய்தன. அதன் படலைக்கு இடைவிடாத ஓட்டம் வேண்டியதில்லை. ஏற்றம் கொடுத்தால் திறக்கும். ஏற்றத்தை எடுத்தால் அடையும். தேங்கும் ஏற்றம் இல்லாமையால் இருமுனைவுத் திரான்சிற்றரினும் பன்மடங்கு விரைவாக அது மாறும். யாவற்றிலும் மேலாக, திறந்த பின் அது இரு திசைகளிலும் கடத்தும். ஒருவழிக் கதவாகிய இருவாயியின் இடத்தில் இதனை வைக்கலாம். அதிர்வியின் இரண்டாஞ் சோடித் தொடுமுனைகள் இவ்வாறு பளிங்கு வடிவிலே மீண்டன.

மீண்டதன் பயனை ஒரு கணக்கால் அறியலாம். 24 வோல்ற்றை 48 வோல்ற்றாக உயர்த்தி 960 வாற்று வலுவைத் தரவேண்டிய கருவியொன்றை எடுத்துக்கொள்க. உள்ளே வருவது ஏறக்குறைய 40 அம்பியர். வெளியே செல்வது 20 அம்பியர். இரு ஆளிகளும் நேரத்தைச் சரிபாதியாகப் பங்கிட்டுக்கொள்ளும். மேல் ஆளியின் இடத்தில் சாதாரண இருவாயி நின்றால், அதன் வழியே ஓட்டம் செல்லும்போது முக்கால் வோல்ற்றுக்கு மேல் விழும். 0.8 வோல்ற்று என்று கொண்டால் 16 வாற்று வெப்பமாகும். அவ்விடத்தில் ஓமின் ஆயிரத்தில் இரண்டு பங்கு தடையுள்ள புலவிளைவுத் திரான்சிற்றரை வைத்தால், 40இன் வர்க்கத்தைத் தடையால் பெருக்கிப் பாதியாக்க வருவது 1.6 வாற்று. பத்தில் ஒரு பங்கு! இக்கணக்கே தொண்ணூறுகளில் கணிப்பொறிகளின் வலு வழங்கிகளையும் ஒத்தியங்கும் வழிக்குத் திருப்பியது. அங்கே அழுத்தத்தை உயர்த்தாமல் தாழ்த்தவேண்டும். மூன்று வோல்ற்றுக்குத் தாழ்த்தும் இடத்தில் இருவாயி அரை வோல்ற்றைத் தின்பதை எவரும் பொறுக்கமாட்டார்.

அப்படியாயின் தடை மிகக் குறைந்த திரான்சிற்றரைத் தேடி எடுத்தால் போதும் என்று தோன்றும். புதிதாகக் கருவி அமைப்போர் பெரும்பாலும் வழுக்குவது இந்த இடத்திலேயே. தடையைக் குறைக்க வேண்டுமாயின் சில்லைப் பெரிதாக்க வேண்டும். சில் பெரிதானால் படலையும் பெரிதாகும். அதனை நிரப்ப வேண்டிய ஏற்றமும் பெருகும். திறப்பதும் அடைப்பதும் தாமதமாகும். திறந்தும் திறவாத அந்த இடைக்கணத்தில் முழு அழுத்தமும் முழு ஓட்டமும் ஆளியின் மீது ஒருங்கே அமர்ந்திருக்கும். மேற்கூறிய கருவியின் கீழ் ஆளி ஒவ்வொரு சுற்றிலும் மாறுவதற்கு மொத்தம் 50 நனோசெக்கன் எடுத்து, செக்கனுக்கு ஓர் இலட்சம் சுற்று இயங்குமானால், மாறுவதில் மட்டும் 4.8 வாற்று வீணாகும். கடத்துவதில் இழக்கும் 1.6 வாற்றுக்கு இது மூன்று மடங்கு. கீழ் ஆளிக்குப் பெரிய சில்லைத் தேடியவர், சிறிய எதிரியை வெல்வதற்காகப் பெரிய எதிரிக்குக் கதவைத் திறந்துவிட்டவராகிறார். மேல் ஆளியின் நிலை வேறு. அது மாறும் வேளையில் அதன்மீது அழுத்தம் பெரிதும் இருப்பதில்லை. அதற்குக் குறைந்த தடையே பெரிது. ஆகவே ஒரே கருவியின் இரண்டு ஆளிகளுக்கும் ஒரே திரான்சிற்றர் பொருந்தவேண்டும் என்ற கட்டாயம் இல்லை.

அட்டவணையில் அச்சிட்ட தடை, சில் 25 பாகையில் இருக்கும்போது அளந்தது. வேலை செய்யும் சில் 100 பாகைக்கு மேல் ஏறும். அங்கே தடை ஒன்றரை மடங்கு, இரு மடங்காகும். (இக்குறையினுள்ளும் ஒரு நன்மை உண்டு: பக்கத்துப் பக்கத்தில் பல திரான்சிற்றர்களை இணைத்தால், சூடேறியது தன் பங்கைத் தானே குறைத்துக்கொள்ளும்.) அழுத்தத்தைத் தாங்கும் எல்லையும் அப்படியே. 48 வோல்ற்றுக் கருவிக்கு 50 வோல்ற்றுத் திரான்சிற்றர் போதாது. இணைக்கும் கம்பிகளிலும் செப்புப் பாதையிலும் ஒட்டியிருக்கும் தூண்டல் 10 நனோஹென்றி என்றாலும், 40 அம்பியர் 20 நனோசெக்கனில் அறும்போது அது 20 வோல்ற்றைக் கூட்டிவிடும். ஆகவே 80 அல்லது 100 வோல்ற்றுத் திரான்சிற்றரை எடுக்கவேண்டும். ஆனால் தாங்கும் அழுத்தத்தை இரட்டித்தால், அதே அளவு சில்லின் தடை சிலிக்கனின் இயல்பால் ஏறக்குறைய ஆறு மடங்காகும். காப்புக்காகக் கூட்டிய ஒவ்வொரு வோல்ற்றுக்கும் வெப்பத்தால் வட்டி கட்டவேண்டியிருக்கிறது.

இரண்டு ஆளிகளும் ஒரே கணத்தில் கடத்திவிடக்கூடாது. கடத்தினால் வெளிவாயின் அழுத்தம் முழுவதும் இரண்டினூடாகவும் நேரே நிலத்துக்குப் பாய்ந்து இரண்டையும் அழிக்கும். ஆதலால் ஒன்றை அடைத்துச் சிறு இடைவேளை விட்டே மற்றதைத் திறப்பர். அவ்விடைவேளையில் சுருளின் ஓட்டம் காத்திராது. மேல் திரான்சிற்றரின் உடலோடு பிறந்த இருவாயியின் வழியே அது செல்லும். செல்லும்போது அவ்விருவாயியில் ஏற்றம் தேங்கும். அடுத்துக் கீழ் ஆளி திறந்ததும், தேங்கிய ஏற்றம் முழுவதும் பின்னோக்கி அதன் தலையிற் கொட்டும். குற்றம் மேலே; தண்டனை கீழே. இதனால்தான் கீழ் ஆளி சூடேறும்போது மேல் ஆளியை ஆராயவேண்டும் என்பர் அனுபவஸ்தர். கீழ் ஆளி திறக்கும் வேகம் மேல் ஆளியின் படலையைத் தானாகவே அசைத்துத் திறந்துவிடுவதும் உண்டு. அப்போது இடைவேளை விட்டதும் வீணாகும்.

48 வோல்ற்றில் தேங்கிய ஏற்றம் பெரிய தீங்கு செய்யாது. நானூறு வோல்ற்றில் கதை மாறும். அங்கே சிலிக்கனின் தடை மிகவும் உயர்ந்திருந்தது. சீனாவின் சென் சிங்பி முதலானோரின் ஆராய்ச்சி வழிவந்து, 1998இல் ஜெர்மனியின் சீமென்ஸ் குறைகடத்திப் பிரிவு விற்பனைக்குக் கொண்டுவந்த அமைப்பு, நேர், மறை வகைத் தூண்களைச் சில்லுக்குள் அடுத்தடுத்து நிறுத்தி அந்த எல்லையை உடைத்தது. தடை வியக்கத்தக்கவாறு குறைந்தது. ஆனால் உடலிருவாயியில் தேங்கும் ஏற்றம் பத்து மைக்ரோகூலோம் வரை இருந்தது. 400 வோல்ற்றில், செக்கனுக்கு 65,000 தடவை அது கொட்டினால் 260 வாற்று. ஒரு சிறு மின்னழுத்தியின் சூடு! எத்துணை அழகிய தடையிருந்தும், இரு ஆளிகளும் மாறிமாறி வன்மையாக இயங்கும் உயர்த்திக்கு இத்திரான்சிற்றரை மேல் ஆளியாக வைக்க இயலாதாயிற்று.

உயர்ந்த அழுத்தத்தில் வேறொரு சாதனமே நீண்டகாலம் ஆண்டது. 1948இல் சென்னையிற் பிறந்து, பெங்களூருக்கு அண்மையிலுள்ள ஜலஹள்ளியில் வளர்ந்த ஜெயந்த் பலிகா, சென்னை இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தில் 1969இல் பட்டம்பெற்று அமெரிக்கா சென்றவர். அவர் தந்தையாரும் வானொலிப் பொறியியலாளரே. வானொலிப் பொறியியலாளர் கழகத்தின் இந்தியக் கிளைக்கு முதல் தலைவராக இருந்தவர். ஜெனரல் எலெக்றிக் நிறுவனத்தில் பணியாற்றிய பலிகா, எண்பதுகளின் தொடக்கத்தில் புலவிளைவுத் திரான்சிற்றரின் படலையையும் இருமுனைவுத் திரான்சிற்றரின் உடலையும் ஒன்றாக்கினார். ஐ.ஜீ.பி.ரி. என்னும் சுருக்கப்பெயரால் உலகம் அதனை அறியும். படலை எளிதில் திறக்கும்; உள்ளே ஏற்றங்கள் வெள்ளமாய் நிறைந்து கடத்துதலைப் பெருக்கும். அடைக்கும்போது அவ்வெள்ளம் வடிய நேரமெடுக்கும். பளிங்கின்மீது இலத்திரன் கதிரைப் பாய்ச்சி அந்நேரத்தைக் குறைக்கலாம் என்று அவர் காட்டினார். கட்டுக்கடங்காமல் கடத்திநிற்கும் அதன் ஆரம்பக் குறையை 1984இல் ஜப்பானின் தொஷிபா நிறுவனத்து நக்ககாவா நீக்கினார்.

பிரியஸ் வண்டிக்கு வழிவிட்டது இச்சாதனமே. 1997இன் முதற் பிரியஸ் 288 வோல்ற்று மின்கலவடுக்கைச் சுமந்தது. அதற்கு 240 கலங்கள் வேண்டும். 2003இல் வந்த இரண்டாம் தலைமுறை 168 கலங்களோடு, ஏறக்குறைய 202 வோல்ற்றோடு நின்றுகொண்டது. மோட்டாருக்கு வேண்டிய 500 வோல்ற்றைச் சுருளும் ஆளிகளும் தந்தன. வண்டியை நிறுத்தும்போது மோட்டார் பிறப்பிக்கும் மின்சாரம் மேல் ஆளியின் வழியாக மின்கலத்துக்குத் திரும்பிற்று. ஐ.ஜீ.பி.ரி. பின்னோக்கிக் கடத்தாது என்பதால் ஒவ்வொன்றின் அருகிலும் தனி இருவாயி நின்றது. 2009இன் மூன்றாம் தலைமுறையில் அழுத்தம் 650 வோல்ற்றாக உயர்ந்தது. 2014இல் திரும்ப அழைக்கப்பட்டவை இத்தலைமுறை வண்டிகளே.

சூடு திரான்சிற்றரை அழிக்கும் விதம் பலரும் நினைப்பதுபோல் உருகுதல் மட்டுமன்று. சிலிக்கன் சூட்டில் விரிவதைவிடச் செம்பு ஆறு மடங்குக்கு மேலும், அலுமினியம் ஏறக்குறைய ஒன்பது மடங்கும் விரியும். சில்லின் மேலே அலுமினியக் கம்பி. கீழே ஈயப் பற்றாசும் செம்பும். மேட்டில் ஏறும்போது சூடு, இறக்கத்தில் குளிர்ச்சி என்று ஆயிரமாயிரம் தடவை இழுபடும்போது பற்று வெடிக்கும். வெடித்த இடத்தில் வெப்பம் வெளியேறாது. பின்னர் முடிவு விரைந்து வரும். டொயோட்டா அறிவித்த பரிகாரம் உயர்த்தியை ஆளும் மென்பொருளைத் திருத்துவதாகும். திரான்சிற்றரின் தேர்வு, அதற்கு இடப்படும் கட்டளையோடு சேர்த்தே சரியோ பிழையோ ஆகின்றது என்பதற்கு இதனினும் பெரிய சான்று தேடவேண்டியதில்லை.

பலிகா விட்டுச்சென்ற இன்னொரு செல்வம் ஒரு சூத்திரம். எந்தப் பளிங்கிலிருந்து ஆளி செய்தால் தடை எவ்வளவு குறையும் என்பதை 1982இல் அவர் கணக்கிட்டார். பளிங்கு முறியாமல் தாங்கும் மின்புலத்தின் மூன்றாம் அடுக்கு அக்கணக்கில் வருகின்றது. சிலிக்கன் காபைட்டு சிலிக்கனைவிட ஏறக்குறைய பத்து மடங்கு புலத்தைத் தாங்கும். எனவே அதே அழுத்தத்துக்குப் பத்தில் ஒரு பங்கு தடிப்பே போதும். வெப்பத்தையும் அது மும்மடங்கு நன்றாகக் கடத்தும். காகிதத்தில் வந்த விடை தொழிற்சாலைக்கு வர முப்பது ஆண்டு சென்றது. குறையற்ற பளிங்கை வளர்ப்பது அத்துணைக் கடினமாயிருந்தது. 2001இல் இருவாயியும், 2010ஐ அடுத்துத் திரான்சிற்றரும் சந்தைக்கு வந்தன. சிலிக்கனில் 260 வாற்றாகக் கொட்டிய தேங்கிய ஏற்றம், இப்பளிங்கில் நூறில் ஒரு பங்கு அளவுக்குச் சுருங்கியது. கலியம் நைத்திரைட்டுத் திரான்சிற்றரிலோ உடலிருவாயியே இல்லை, தேங்குவதற்கு இடமுமில்லை. ஆனால் இடைவேளையில் அது பின்னோக்கிக் கடத்தும்போது இரண்டு வோல்ற்றளவு விழும். ஆதலின் இடைவேளையைச் சில பத்து நனோசெக்கனாகச் சுருக்கவேண்டியிருக்கிறது. இடைவேளை நீண்டால் புதிய பளிங்கின் இலாபமும் கரைந்துபோம்.

சிலிக்கன் காபைட்டு மனிதனுக்குப் புதிய பொருள் அன்று. 1891இல் அமெரிக்காவின் அச்சிசன் அதனை மின்னுலையில் ஆக்கினார். சாணைக் கல்லாகவும் உப்புத்தாளின் மணலாகவும் அது உலகெங்கும் சென்றது. 1906இல் டன்வூடி என்னும் ஓய்வுபெற்ற அமெரிக்கப் படைத் தளபதி, அதன் பளிங்குத் துண்டொன்றைக் கம்பிகளுக்கிடையே பிடித்து வானொலி அலையைக் கேட்கும் கருவியொன்றுக்கு உரிமை பெற்றார். வால்வு பரவுமுன் கடலோடிகள் பலர் செய்தி கேட்டது அத்தகைய பளிங்கினூடாகவே. 2020ஆம் ஆண்டின் இறுதியில் டொயோட்டா தன் மிராய் என்னும் ஐதரசன் வண்டியின் இரண்டாம் தலைமுறையை வெளியிட்டபோது, எரிபொருட் கலத்தின் அழுத்தத்தை உயர்த்தும் கருவியில் டென்சோ நிறுவனம் ஆக்கிய சிலிக்கன் காபைட்டுத் திரான்சிற்றர்களும் இருவாயிகளும் அமர்ந்திருந்தன. முந்திய சிலிக்கன் கருவியோடு ஒப்பிட, அதன் பருமன் ஏறக்குறைய நூற்றுக்கு 30 பங்கும், வெப்பமாக வீணாகும் வலு நூற்றுக்கு 70 பங்கும் குறைந்தன.